விலைக்கு வராத பூ

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாலைக் கடைகளில் இல்லாத பூ எது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கேமரன் மலையின் செவ்வந்தி விடிவதற்குள் லாரியில் வந்து இறங்கிவிடுகிறது. மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி, பனிக்கட்டியோடு பெட்டிக்குள் அடைந்து வருகிறது. ரோஜா, சம்பங்கி, அரளி, துளசி, மரிக்கொழுந்து, உள்ளூர் ஆர்க்கிட் என்று வாளி வாளியாக நிற்கும். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போனாலும் இதே வரிசைதான். பவளமல்லி மட்டும் எங்கும் கிடையாது. ஒரு கடையில் கேட்டேன். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா நூலிலிருந்து கையை எடுக்காமலே, "அது வீட்டுப் பூவாச்சே தம்பி. எங்கம்மா தோட்டத்துல இருந்தப்ப வாசல்ல கொட்டிக் கிடக்கும். அத யாரு விப்பா?" என்றார்.

அவர் சொன்னது வியாபாரக் கணக்காகவும் சரி. பவளமல்லி அந்தி சாய்ந்த பிறகு விரிகிறது. இரவெல்லாம் மணக்கிறது. விடியுமுன் கிளையை விட்டு உதிர்கிறது. வெயில் ஏற ஏற இதழோரம் பழுப்பேறிச் சுருங்கும். நாரில் வைத்துக் கட்டக் காம்பு கிடையாது. ஊசியில் நூல் கோத்து, பவள நிறக் குழாய் வழியாக ஒவ்வொன்றாகக் கோக்கலாம். கோத்து முடிப்பதற்குள் முதலில் கோத்தது வாடியிருக்கும். பறித்து, அடுக்கி, எடைபோட்டு விற்கும் தொழிலுக்குள் இந்தப் பூ எந்த வகையிலும் அடங்காது. ஆகவே இது வேண்டும் என்கிறவருக்கு ஒரே வழி, செடியை வைத்திருப்பது. அல்லது செடி வைத்திருக்கும் ஒருவரின் அண்டை வீட்டுக்காரராக இருப்பது. இரண்டுக்கும் வாசலில் மண் வேண்டும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழர் வாசலில் அந்த மண் குறைந்துகொண்டே வருவதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

பவளமல்லி மலைச் செடி. இமயத்தின் அடிவாரக் குன்றுகளில், மண் மெலிந்து பாறை துருத்தி நிற்கும் வறண்ட சரிவுகளில் கூட்டங்கூட்டமாக வளர்வது இதன் இயல்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் ஒன்றான சேடலைப் பவளமல்லி என்றே உரைகள் கொள்கின்றன. அருவியாடிய பெண்கள் மலைச்சாரலில் அலைந்து பூப்பறித்து வந்து பாறைமேல் குவிக்கும் இடம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மோடு வருகிற செடிதான். மல்லிகையும் ஒலிவமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. விட்டால் முப்பது அடி வரை உயரும். வீட்டு வாசலில் வெட்டி வைத்தால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே குடைபோல் நிற்கும்.

இளங்கிளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். விளிம்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டும். இலையின் மேற்புறத்தைத் தடவினால் உப்புத்தாள்தான். கண்ணுக்குத் தெரியாத விறைத்த மயிர்கள். இந்தச் சொரசொரப்பை வைத்து மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றியிருக்கிறார்கள் பழைய கைவினைஞர்கள். பூவோ இதற்கு நேர்மாறு. ஐந்து முதல் எட்டு வரை வெள்ளை மடல்கள், ஒரே பக்கமாகச் சற்றே முறுக்கி, காற்றாடிபோல. மடல் நுனி பிளந்திருக்கும். நடுவில் பவளக் கண். கீழே அதே நிறத்தில் குழாய். முரட்டுச் செடியில் இத்தனை மென்மையான பூ எப்படி வந்தது என்ற வியப்பு, ஆண்டுக்கணக்கில் பார்த்தும் எனக்குத் தீரவில்லை.

கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் இந்திய மூலிகைகளைப் பற்றித் தம் நூலை அச்சிட்டார். அதில் இதைத் துயர மரம் என்கிறார். கதிரவனைக் காதலித்துக் கைவிடப்பட்ட இளவரசி உயிர்விட்டாள், அவளை எரித்த சாம்பலில் முளைத்த மரம் பகலைப் பார்க்க மறுத்து இரவில் மட்டும் பூக்கிறது என்ற கதையையும் எழுதிவைத்தார். 1753-இல் லின்னேயஸ் தாவரப் பெயர் சூட்டியபோது அந்தத் துயரத்தையும் பெயரிலேயே சேர்த்துவிட்டார். நம் புராணத்தில் இது துயரத்தோடு வரவில்லை, சண்டையோடு வருகிறது. இந்திரலோகத்திலிருந்து கண்ணன் கொண்டுவந்த பாரிஜாதம் பாமாவின் தோட்டத்தில் ஊன்றப்பட்டு, பூவை ருக்மிணியின் முற்றத்தில் உதிர்க்கிறது. மதிலோரத்தில் மரம் வைத்திருக்கும் யாருக்கும் இது புராணமாகத் தெரியாது, அன்றாடம் நடப்பது.

என் வீட்டிலும் அப்படித்தான். கிள்ளான் பக்கத்துத் தாமான் ஒன்றில் வரிசை வீடு. வேலியோரத்தில் நிற்கும் பவளமல்லி பாதிப் பூவை எங்கள் பக்கமும் பாதியைப் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் பக்கமும் போடுகிறது. அவர் இதை ஸ்ரீ காடிங் என்கிறார். ஜொகூரில் பத்து பஹாட்டை ஒட்டி ஸ்ரீ காடிங் என்று ஊரே இருக்கிறது. விடியற்காலைத் தொழுகை முடித்து வாசலுக்கு வரும்போது ஒரு கைப்பிடி பொறுக்கிக் கிண்ணத் தண்ணீரில் போட்டு மேசையில் வைப்பார். எங்கள் வீட்டில் அதே நேரத்தில் சாமிப் படத்துக்கு ஒரு தட்டு போகும். பொறுக்கித்தான். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கம் விட்டுக்கொடுத்த பூ இது. மன்னார்குடிப் பக்கம் திருக்களர் சிவன் கோயிலில் தலமரமே பவளமல்லிதான். சுவாமிக்குப் பாரிஜாதவனேஸ்வரர் என்று பெயர். உதிர்ந்து கிடக்கிற பூவை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் தெய்வம், அந்த விலக்கை உண்டாக்கிய மனிதர்களின் நல்ல மனத்தைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை புக்கிட் குடா வரை முதல் ரயில் 1886-இல் ஓடியது. அந்தப் பாதையும் அதன் பணிமனைகளும்தான் பிரிக்பீல்ட்ஸைத் தமிழர் ஊராக்கின. ரயில்வே அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் வந்தார்கள். தண்டவாளம் போடவும் ரப்பர் மரம் சீவவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் முந்தானையில் எதையெல்லாம் முடிந்துகொண்டு கப்பல் ஏறினார்கள் என்பதற்கு வாசல்தான் சாட்சி. முருங்கை, கறிவேப்பிலை, வேம்பு, துளசி, மருதாணி, கற்பூரவல்லி, ஆடாதொடை. பவளமல்லியின் காய் ஒரு சிறு நாணயம் போலத் தட்டை. காய்ந்ததும் இரண்டாகப் பிளக்கும். பாதிக்கு ஒரு விதை. சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. லயத்து வாசலில், கிராணி வீட்டுத் தோட்டத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்கட்டில் இது நின்ற காலம் அப்படி வந்ததுதான்.

அந்தக் காலத்துக் கிள்ளானை நினைக்கும்போது பூவைவிட இலைதான் எனக்கு முன்னால் வருகிறது. 1901 தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் மாவட்ட அறுவை மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், வேலையாட்கள் வரிசையாகப் படுத்துவிட்டதால் சில வாரங்களிலேயே மூடிவிடலாமா என்ற நிலைக்குப் போனது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் அந்த ஓர் ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். வாட்சன் சதுப்பை வடித்தார், கால்வாய் வெட்டினார், ஊரைச் சுற்றிய காட்டை அழித்தார். 1902-இல் காய்ச்சல் சாவு 59 ஆனது. மலேரியாவைக் கொசுவின் வழியில் போய்த் தடுத்து வென்ற உலகின் முதல் ஊர்களில் கிள்ளானும் ஒன்று. பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எங்கள் ஊர்ச் சாக்கடைகளை நாங்கள் வேறு கண்ணோடு பார்த்திருப்போம்.

நகரத்துக்குக் கால்வாய் வந்தது. தோட்டங்களுக்கு அது வந்து சேர ஆண்டுகள் ஆயின. குன்றுப்புறத்துத் தோட்டங்களில் கொசுவே வேறு இனம். காட்டை அழித்து ஓடையில் வெயில் பட்டதும் அது பெருகியது. கையில் இருந்தவை இரண்டு கசப்புகள். டிரஸ்ஸர் வரிசையில் நிற்க வைத்து வாயில் ஊற்றும் கொயினா ஒன்று. தென்னமெரிக்க மலைத்தொடரின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. வீட்டுப் பெண்கள் கசக்கிப் பிழிந்து தேனில் குழைத்துக் கொடுக்கும் பவளமல்லி இலைச்சாறு மற்றொன்று. விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு இந்த இலையை நாட்டு வைத்தியம் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. கசப்பு என்றால் நாக்கில் பட்டதும் உடம்பு சிலிர்க்கும் கசப்பு. வங்காளிகள் இந்த இலையைக் கசப்புக் கறியாகவே சமைத்து உண்கிறார்கள்.

இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலிக்கும் இதுவே மருந்து. பதினோராம் நூற்றாண்டுச் சக்கரபாணி தத்தரின் ஆயுர்வேத நூல் இந்த இலையை மெல்லிய தீயில் காய்ச்சிய கஷாயத்தை அந்த நோய்க்கு விதிக்கிறது. தீ மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதை நூல் தனியாகச் சொல்வது கவனிக்கத்தக்கது. என் பாட்டிக்கு நூல் எதுவும் தெரியாது, ஆனால் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுத்தான் இலையைப் போடுவார். ஐந்தாறு இலை, கிள்ளிப் போட்டு, இரண்டு குவளைத் தண்ணீர் ஒரு குவளையாகச் சுண்டும் வரை. குனிந்து நிமிர்ந்து பால்மரம் சீவியவர்களின் இடுப்புக்கு அந்த ஒரு குவளைதான் மாலை நேரத்து ஆறுதல். விதையை அரைத்துப் பொடுகுக்குத் தலையில் பூசுவதும் உண்டு.

இன்றைய ஆய்வகங்கள் இலையில் இரிடாய்டு கிளைகோசைடு என்ற கசப்புப் பொருள்களைப் பிரித்திருக்கின்றன. எலிகளில் வீக்கம் தணிகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மும்பை மருத்துவர்கள் சிலர் மலேரியா நோயாளிகளுக்கு இலை விழுதைக் கொடுத்துப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள்; பலருக்குக் காய்ச்சல் இறங்கியது, ஆனால் மருந்து கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது. மனிதரிடம் செய்து நிறுவியது இன்னும் கொஞ்சம்தான் என்பதைச் சொல்லத் தயங்கக்கூடாது. மூட்டுவலிக்கு வாரம் இரண்டு நாள் கஷாயம் குடிக்கும் பெரியவரை நான் தடுக்கமாட்டேன். காய்ச்சல் வந்த குழந்தைக்கு இலைச்சாறு கொடுத்துவிட்டு மூன்று நாள் பார்க்கலாம் என்கிறவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவேன். நாட்டிலேயே டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள். இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைக் கண்டறியும் இலை உலகத்தில் கிடையாது. கர்ப்பிணிகளும், நாள்பட்ட நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடாதிருப்பது நல்லது. பாட்டிமார் கைவைத்தியத்தைக் காக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் அதன் எல்லையை உரக்கச் சொல்லவேண்டும்.

2010 அக்டோபர் இறுதியில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் கோலாலம்பூர் வந்தார். பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா என்று திறந்துவைக்கப்பட்டது அந்த வருகையில்தான். வளைவுகள், வண்ணவண்ணத் தூண்கள், நீரூற்று. அதே வருகையில் இரு நாடுகளும் பாரம்பரிய மருத்துவத்தில் சேர்ந்து செயல்பட உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பின்னர் 2016-இல் வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இந்திய மருத்துவத்தையும் ஒரு துறையாக ஏற்றுப் பதிவுக்குள் கொண்டுவந்தது. நல்லதுதான். படித்துப் பதிவுபெற்ற வைத்தியர் வேண்டும். பெட்டியில் அடைத்த மருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் வேலிக்கு மேலே கைநீட்டி, "அக்கா, அஞ்சாறு இலை பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்கும் மருத்துவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. செடி இருக்கும் வரைதான் அது இருக்கும்.

செடியை வளர்ப்பது பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். மலைச்சரிவுக்குப் பழகிய வேர், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நமக்கு வாய்த்த ஊரோ நேர் எதிர். பிரிக்பீல்ட்ஸ் பெயர் சொல்வதுபோல செங்கல் சூளைகளின் நிலம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பிறகு, அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச்சொல்லி உத்தரவானது. காப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளை இங்கே புகைந்தது. செங்கல்லுக்கு நல்ல களிமண் பவளமல்லிக்கு எமன். கிள்ளான் பக்கம் போனால் கடலோர வண்டல், பல இடங்களில் கரிச்சதுப்பு. மேலே, ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை.

ஆகவே குழி தோண்டி நடுவதைவிட மேடு கட்டி நடுவதே இங்கே சரி. முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்து, அடியில் உடைந்த செங்கல் ஜல்லி, மேலே மணலும் மக்கிய குப்பையும் கலந்த மண். எந்த மண் இதைக் கொல்லுமோ அதே மண்ணைச் சுட்டு உடைத்து இதன் காலடியில் போட்டால் வாழ்கிறது. வெயில் குறைந்தது அரை நாளாவது படவேண்டும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லை. இந்த ஊர் மழை போதும், மிஞ்சும். பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும் என்பதால் ஒவ்வொரு பூப்புக்கும் பின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராதவர்கள் வீட்டில் செடி உயரமாகப் போய்க் கூரைக்கு மேலே பூத்து, ஓட்டில் உதிர்த்துவிட்டு நிற்கும்.

தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே அந்தக் கணக்கு கலைந்துவிட்டது. சில வாரம் வெயில் காய்ந்து பிறகு மழை பிடித்தால் மொட்டு கட்டுகிறது. அது மார்ச்சாகவும் இருக்கலாம், ஆகஸ்டாகவும் இருக்கலாம். பெரிய தொல்லை மழை வரும் நேரம். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமழை பிற்பகலில் கூடி அந்தியில் இறங்குகிறது. பவளமல்லி மொட்டு அவிழும் நேரமும் அதுதான். ஆறரை மணிக்கு வெள்ளை முறுக்கு தளர ஆரம்பித்திருக்கும், ஏழு மணிக்கு ஆலங்கட்டிபோல மழை அடிக்கும், காலையில் பார்த்தால் பாதி விரிந்த மொட்டுகள் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். மழை தப்பிய இரவு கிடைத்தால் தெருமுனை வரை மணம். மலைப்பாறையில் பிறந்த செடி இந்த நீர்த்தேசத்தில் பூக்கிறது என்பதே அதன் பிடிவாதம்.

2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை தொடும் அளவு தண்ணீர் நின்றது. உறவினர் வீட்டில் பதினைந்து வயதுப் பவளமல்லி ஒன்று இருந்தது. வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி முடித்தபோது செடி பச்சையாகத்தான் நின்றது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த மாதம் இலைகள் நுனியிலிருந்து வெளுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. அந்த வீட்டுச் சித்தி குளிர்பெட்டியும் கட்டிலும் போனதைச் சொல்லும்போது அழவில்லை. இதைச் சொல்லும்போது அழுதார். அதன் விதையில் முளைத்த கன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் ஒரு போத்து வெட்டி வேர் பிடிக்கவைத்துக் கொடுத்தோம். கடையில் விற்காத செடிக்கு இப்படித்தான் காப்பீடு.

எங்கள் தெருவில் சாக்கடை மூடி மாற்ற வந்த வங்காளதேச இளைஞர்கள் ஒரு காலையில் வேலியோரம் நின்றுவிட்டார்கள். ஒருவர் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, குனிந்து நாலைந்து பூவை எடுத்து முகர்ந்தார். "ஷியூலி" என்றார். அவர்களுக்கு இது மழைக்காலம் முடிந்து வானம் வெளுக்கும் பருவத்தின் பூ. எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கு வங்கத்துக்கு மாநிலப் பூவும் இதுவே. துர்க்கா பூஜை நெருங்குகிறது என்பதை அங்கே நாட்காட்டிக்கு முன் ஷியூலி சொல்லிவிடும். அரைகுறை மலாயில் அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரை: வீட்டில் அம்மா இதன் காம்பைக் காயவைத்து வைப்பாள். நிறம் எடுக்க. அதுவும் உண்மை. குழாயைக் கிள்ளி நிழலில் உலர்த்திக் கொதிக்கவைத்தால் பொன்னும் செம்மஞ்சளும் கலந்த சாயம் இறங்கும். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் அதே குரோசின்தான் இதிலும் இருக்கிறது. பட்டுக்கும் பிக்குகளின் ஆடைக்கும் இந்தச் சாயத்தை ஏற்றியிருக்கிறார்கள். படிகாரமோ எலுமிச்சையோ சேர்க்காவிட்டால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் பூ பொறுக்கிக் கொடுத்தோம். மலாய் மக்சிக்கும் தன் பக்கத்துப் பூவை அதில் கொட்டினார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியருக்குக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ், ஜாலான் ரொசாரியோ பக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கட்டடங்கள். 2010களில் இடிக்கப்பட்டன. அந்தச் சிறு வீடுகளின் முன்னும் பின்னும் செடிகொடி வைக்க இடம் இருந்தது. பழைய ரயில் நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது; சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். புத்ராஜெயா கட்டப்பட்டபோது பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டமாயின. லயம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். தகரக் கூரை, பொதுக்குழாய், கிராணியின் அதட்டல், வேலை போனால் வீடும் போகும் என்ற பயம். அதைவிட்டு வந்தவர்கள் வந்ததே சரி. ஆனால் கூலி வீட்டுக்கும் வாசலில் பத்தடி மண் இருந்தது. பதினாறாவது மாடியில் தொட்டி வைக்கலாம். கறிவேப்பிலை வரும், துளசி வரும். பவளமல்லியைத் தொட்டியில் ஓரிரு ஆண்டு ஏமாற்றி வைத்திருக்கலாம். பிறகு அது தரையைக் கேட்கும். உதிர்வதற்கும் தரை வேண்டுமே. பதினாறாவது மாடியிலிருந்து விழும் பூவை யார் பொறுக்குவார்?

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மாலைக் கடைகள் அடைத்துக் கிடந்தபோது, செடி வைத்திருந்த வீடுகளில் மட்டும் சாமிக்குப் பூ இருந்தது. அப்போது பலர் கன்று கேட்டார்கள். கேட்டவர்களில் மாடி வீட்டுக்காரர்களே அதிகம். வைப்பதற்கு இடம் இல்லாமல் கேட்பவரிடம் என்ன சொல்வது? அப்போதுதான் கோயில்களைப் பற்றி யோசித்தேன். நம் கோயில்களில் பழைய மண் முற்றங்கள் ஒவ்வொரு குடமுழுக்கிலும் சுருங்குகின்றன. கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ், மீதமிருந்தால் கார் நிறுத்துமிடம். பூவுக்கு மாதந்தோறும் பெருந்தொகை செலவழிக்கும் கோயிலில், காசே கேட்காமல் தினமும் காலடியில் பூவைக் கொட்டத் தயாராக இருக்கும் ஒரு செடிக்கு இடம் இல்லை என்பது எனக்கு ஆற்றமுடியாத குறை. குப்பை சேரும் என்கிறார்கள். சேரட்டும். அந்தக் குப்பையைப் பொறுக்க விடியற்காலையில் நாலு பாட்டிமாரும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். கூட்டிப் பெருக்க ஆள் வைக்கத் தேவையிராது. அவர்கள் பொறுக்கும்போது இலை எதற்கு நல்லது என்ற பேச்சும் கூடவே வரும்.

எங்கள் பக்கத்து அம்மன் கோயில் நிர்வாகத்திடம் இதைக் கேட்டபோது உடனே சம்மதிக்கவில்லை. வேர் சுவரைப் பிளக்கும் என்ற பயம். ஆலும் அரசும் செய்கிற வேலையை இது செய்யாது, புதர்ச் செடி, வெட்டினால் அடங்கும் என்று விளக்கவேண்டியிருந்தது. கடைசியில் மடப்பள்ளிக்குப் பின்னால், கிழக்கு வெயில் விழும் இடத்தில் டைல்ஸைப் பெயர்த்து நான்கடிக்கு நான்கடி விட்டார்கள். செங்கல் ஜல்லி போட்டு மேடு கட்டி, ஆள் இடுப்பளவு கன்று வைத்திருக்கிறோம். ஆடு வராது, ஆனால் கோழி வரும்; வலை கட்டியாயிற்று. கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பக்கத்துக் கோயில்கள் எதுவானாலும் மண் விடச் சம்மதித்தால் கன்று தர நாலைந்து வீடுகளில் ஆள் இருக்கிறோம். முதல் ஆண்டு வேரில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும், இரண்டாம் ஆண்டு தயங்காமல் வெட்டிவிடவும் கோயிலில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்துகொண்டு வந்து கன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.